2010 எண்ணெய்க் கசிவை அடைக்கும் வேலையை அமெரிக்க அரசு ஏன் நிறுவனத்திடமே விட்டது?

மெக்சிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். கிணறு பிபி (BP) என்ற எண்ணெய் நிறுவனத்துடையது. அதை அடைக்கும் வேலையை அந்த நிறுவனமே செய்தது, 87 நாள் ஆனது. அரசு கைகட்டி நின்றதா என்ற கேள்வி அப்போதிலிருந்தே இருக்கிறது.

அமெரிக்காவின் 1990 எண்ணெய் மாசுச் சட்டத்தில் 'பொறுப்புத் தரப்பு' என்றொரு சொல் உண்டு. கசியவிட்டவரே சுத்தம் செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். மாடிவீட்டுக் குழாய் உடைந்து நம் கூரை ஒழுகினால் செலவு மாடிவீட்டுக்காரருடையது. குழாயை மூடும் திருகும் அவர் வீட்டுக்குள்தான் இருக்கிறது. இங்கும் அப்படித்தான். கிணற்றின் வாய் ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில். மனிதர் இறங்கவே முடியாது. அங்கே வேலை செய்யும் ரோபோக்களும் அனுபவமும் எண்ணெய்த் துறையிடம்தான் இருந்தன.

என் பார்வையில் அரசின் உண்மையான தவறு வேறு: கசிவின் அளவைக் குறைத்துச் சொன்னது. உடைந்த குழாயிலிருந்து பழுப்புப் புகைபோல எண்ணெய் பீறிடும் காட்சியை உலகமே பார்த்தது. ஆனாலும் நாளுக்கு 5,000 பீப்பாய் என்றே வாரக்கணக்கில் சொன்னார்கள். தொடக்கத்தில் நாளுக்கு 62,000 பீப்பாய் வந்திருக்கும் என்று பின்னர் அரசின் அறிவியலாளர்களே மதிப்பிட்டார்கள். கரையோர மக்களுக்கு அந்த உண்மை முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

நிறுவனம் வேலை செய்ததால் அரசுக்கு அதிகாரமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல, மொத்த நடவடிக்கைக்கும் தலைமை அரசின் கடலோரக் காவல்படையிடம்தான் இருந்தது.