என்னிடம் உள்ள இரண்டு பழைய மேட்ச்பாக்ஸ் பொம்மைத் தீயணைப்பு வண்டிகளில் ஒன்றில் மட்டும் முன் பம்பர் இல்லை. உடைந்ததா, காஸ்டிங்கே (வார்ப்பே) வேறா? எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் கேள்வியில் சொன்னபடி, தாத்தாவின் பெட்டியில் கிடைத்த இரண்டுமே மேட்ச்பாக்ஸ் 9-ஆம் எண் வண்டி, டென்னிஸ் என்ற கம்பெனியின் தீயணைப்பு வண்டியைப் பார்த்துச் செய்தது. பம்பர் இல்லாததை 'உடைஞ்ச பீஸ்' என்று ஒருவர் பாதி விலைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடாதீர்கள். முதலில் இரண்டையும் புரட்டிப் போட்டு வயிற்றைப் பாருங்கள். பம்பர் உள்ளதில் 9 என்ற எண் வார்ப்பிலேயே புடைத்து இருக்கும். மற்றதில் அந்த எண் இல்லை என்றால் அது உடைசல் அல்ல, முதல் காஸ்டிங். மேட்ச்பாக்ஸைச் செய்த லெஸ்னி கம்பெனி 1955-ல் இந்த வண்டியை வெளியிட்டபோது பம்பரும் கிடையாது, எண்ணும் கிடையாது. இரண்டும் 1957-ல் வந்த அடுத்த காஸ்டிங்கில்தான் சேர்ந்தன. சேகரிப்பவர்கள் இவற்றை 9ஏ, 9பி என்பார்கள்.

நான் அம்பத்தூரில் ஒரு டை காஸ்டிங் பட்டறையில், டை செய்து பழுதுபார்க்கும் டூல் ரூமில், பதினான்கு வருடம் இருந்தவன். உருகிய உலோகத்தை உள்ளே செலுத்தி வார்க்கும் எஃகு அச்சுதான் டை. கார்புரேட்டர் பாடிதான் எங்கள் சரக்கு. பொம்மைக் கார் அப்புறம் பிடித்த பைத்தியம். ஆனால் அதுவும் இதுவும் ஒரே துத்தநாகக் கலவை, ஒரே வேலை. அதனால் ஒரு காரைக் கையில் எடுத்தால் எனக்கு முதலில் டைதான் கண்ணுக்குத் தெரியும், கார் இல்லை.

டையில் பள்ளமாக இருப்பது பொம்மையில் மேடாக வரும். எஃகைக் கொஞ்சம் சுரண்டிப் பள்ளத்தைப் பெரிதாக்குவது சுலபம். சுரண்டிய இடத்தைத் திரும்ப நிரப்புவதுதான் தலைவலி: வெல்டு வைக்க வேண்டும், தேய்க்க வேண்டும், பாலிஷ் போட வேண்டும், அப்படியும் தடம் தெரியும். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் டையைத் திருத்தும்போது பெரும்பாலும் பொம்மையில் உலோகம் கூடும், குறையாது. மெலிந்த ஜன்னல் கம்பம் தடிக்கும், உடைகிற மூலையில் ஒரு விலா முளைக்கும், இல்லாத எழுத்து வந்து சேரும். இரண்டு காரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மூத்தது என்று தெரியாமல் முழித்தால், உலோகம் குறைவாக இருப்பதை மூத்ததாக வைத்துப் பாருங்கள். பத்துக்கு எட்டு சரியாக வரும். உங்கள் டென்னிஸும் அந்தக் கணக்கில்தான் வருகிறது.

சரி, உடைந்ததை எப்படிப் பிரிப்பது? துத்தநாகம் உடைந்தால் அந்த இடம் கற்கண்டை உடைத்த மாதிரி சொரசொரப்பாக, மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும். வார்ப்பாகவே வந்த விளிம்பு வழவழப்பாக இருக்கும், மேலே உள்ள பெயிண்ட் தொடர்ச்சியாக வழிந்து வந்து நிற்கும். டார்ச்சை மேலிருந்து அடிக்காதீர்கள். மேசையோடு மேசையாகப் படுக்கவைத்து அடித்தால் அரம் போட்ட கீறல்கூட நிழல் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் வைத்திருப்பது போதும். மேலே மறுபடி பெயிண்ட் அடித்திருந்தால் அடியிலுள்ள எழுத்துகளின் இடுக்கு அடைபட்டுக் கூர்மை போயிருக்கும்.

அப்புறம் உள்பக்கம். வார்த்த பொருளை டையிலிருந்து தள்ள எஜெக்டர் பின் இருக்கும், அதன் வட்டத் தடம் காரின் உள்ளே பதிந்திருக்கும். இரண்டு கார் வெளியே அச்சு அசலாக ஒன்றாக இருந்து, உள்ளே அந்த வட்டம் மட்டும் இடம் மாறியிருந்தால் அவை வேறு வேறு டை. போலி செய்கிறவன் அவ்வளவு தூரம் மெனக்கெட மாட்டான் என்பதால் நான் அதிகம் நம்புவது இதைத்தான். சில மேட்ச்பாக்ஸ்களில் உள்ளே 1, 2, 3 என்று பொடியாக ஓர் எண்ணும் இருக்கும். எந்த டையில் வந்தது என்ற அடையாளம் அது. வண்டியின் வரிசை எண்ணோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், நானே ஆரம்பத்தில் குழம்பியவன்.

நிறத்தையும் சக்கரத்தையும் இதில் சேர்க்காதீர்கள். மேட்ச்பாக்ஸில் உலோகச் சக்கரம், சாம்பல் பிளாஸ்டிக், கறுப்பு பிளாஸ்டிக் என்று வந்து 1969-ல் வேகமாக உருளும் சூப்பர்ஃபாஸ்ட் சக்கரம் ஆனது. டயரில் எத்தனை பல் என்று எண்ணுகிறவர்கள்கூட உண்டு. அது தனி உலகம். சக்கரத்தை மாற்றிவிடலாம், நிறத்தைப் பூசிவிடலாம், டையில் இல்லாததை வார்ப்பில் வரவைக்க முடியாது.

முடியாது என்று இப்போது சொல்கிறேன், ஏமாந்தது ஒரு முறை. 1968-ல் மேட்ச்பாக்ஸுக்குப் போட்டியாக வந்த ஹாட் வீல்ஸ் முதன்முதலில் விட்ட 16 கார்களில் கஸ்டம் வோக்ஸ்வாகன் ஒன்று. கூரையில் தள்ளித் திறக்கும் பிளாஸ்டிக் மூடி இருக்கும். ஹாங்காங்கில் செய்த சிலவற்றில் அந்தத் திறப்பே இல்லாமல் கூரை மூடியபடி இருக்கும், அது மிக அரிது. ஆன்லைனில் ஒருவர் அப்படி ஒன்றை 18,000 ரூபாய்க்குப் போட்டிருந்தார். அந்த விலைக்குக் கிடைக்கிறதே என்றபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். வந்ததும் கூரையை உதட்டில் வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் ஜில்லென்று இருக்கிறது, நடுவில் ஒரு செவ்வகம் மட்டும் வெதுவெதுப்பு. பட்டி வைத்து அடைத்துத் தேய்த்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்! அடித்தட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டும் வழவழப்பான குமிழாக இல்லாமல் துளையிட்டுத் திரும்ப அடைத்த வடுவோடு இருந்தது. அதை முதலிலேயே போட்டோ கேட்டுப் பார்த்திருக்கலாம். அந்தக் கார் இன்னும் மேசையில்தான் இருக்கிறது, பேப்பர் வெயிட்டாக.

ஹாட் வீல்ஸ் பற்றி வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அடியில் 1974 என்று இருந்தால் அது 1974-ல் செய்த கார் என்று அர்த்தமில்லை. அது அந்த வடிவமைப்புக்கு உரிமை பதிந்த ஆண்டு. அதே எண்ணோடு இருபது வருடம் கழித்தும் மலேசியாவில் அடித்திருப்பார்கள். ஆண்டைவிட நாட்டின் பெயரைப் பாருங்கள்.

நாடு என்றதும் நம் ஊர்க் கதை ஒன்று. லிவர்பூலின் பொம்மைக் கார் கம்பெனியான டிங்கி டாய்ஸ் தன் பழைய டைகள் சிலவற்றை 1960-களின் கடைசியில் கல்கத்தாவுக்கு விற்றது. அடித்தட்டில் டிங்கி என்பதை நிக்கி என்று மாற்றி இங்கே விற்றார்கள். உடம்பு அதே டையில் வந்ததுதான், ஆனால் தேய்ந்த டை என்பதால் கதவுக் கோடு, கிரில் எல்லாம் கொஞ்சம் மழுங்கி வரும். சேகரிப்பவர்களில் சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்த மழுங்கல்தான் பிடிக்கும், பழைய டையை இழுத்துப் பிடித்து ஓட்டிய ஒரு டூல் ரூம்காரன் அதில் தெரிகிறான்.

வெர்னியர் வைத்து அளந்து 'நீளம் கூடுதல், புது காஸ்டிங்' என்று குதிப்பதற்கு முன் விரிசல் இருக்கிறதா பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கிகளில் கலவையில் ஈயம் கலந்துபோனதால் உலோகமே உள்ளுக்குள் அரித்து உப்பிவிடும். அப்போது நீளமும் கூடும். அது வேறுபாடு அல்ல, வியாதி.

உங்கள் 9ஏ-வை பிராஸோ போட்டுத் தேய்க்காதீர்கள், அழுக்கோடு இருக்கட்டும். எண் இல்லை, விளிம்பும் வழவழப்பு என்றால், பாதி விலை சொன்னவரிடம் பம்பர் உள்ளதைக் காட்டி, அதற்கு என்ன தருவார் என்று மட்டும் கேளுங்கள்.