தலைகீழாகப் பறக்கும் விமானம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். படித்தது தாவரவியல். சில மாதங்களுக்கு முன் ஒரு தனியார் நிறுவனம் எங்கள் பள்ளியில் இரண்டு நாள் விண்வெளி முகாம் நடத்தியது. தண்ணீர் ராக்கெட் விட்டார்கள். விண்வெளி வீரர் உடை மாட்டிப் பிள்ளைகளைப் படம் எடுத்தார்கள். எல்லோருக்கும் சான்றிதழ். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

இரண்டாம் நாள், விமானம் எப்படிப் பறக்கிறது என்று பயிற்சியாளர் விளக்கினார். சிறகின் மேல்பக்கம் வளைந்திருப்பதால் அங்கே காற்று அதிக தூரம் போகவேண்டும், கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர்வதற்காக வேகமாக ஓடுகிறது, வேகம் கூடினால் அழுத்தம் குறையும், அதனால்தான் சிறகு மேலே எழும்புகிறது என்றார். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "அப்படின்னா தலைகீழா எப்படி சார் பறக்குது?" என்று கேட்டாள். "அதெல்லாம் மேல் வகுப்பில் வரும்" என்று உட்காரவைத்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. பதினைந்து வருடமாக நானும் அதே விளக்கத்தைத்தான் சொல்லிவருகிறேன். என்னிடம் யாரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லை.

இப்போது விடுமுறையில் ஆசிரியர்களுக்கென்றே ஒரு வார வான்வெளிப் பயிற்சி இருக்கிறது, போய்வாருங்கள் என்கிறார் தலைமையாசிரியர். இந்த ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) திட்டங்களால் உண்மையில் ஏதாவது பயன் உண்டா? இயற்பியல் படிக்காத நான் அங்கே போய் என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் அந்தப் பெண்ணின் கேள்வி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அவள் கேட்டது சரி. பயிற்சியாளர் சொன்னது தவறு. நீங்கள் ஒருவர் மட்டும் ஏமாறவில்லை. நானே பல வருடங்களுக்கு முன் ஒரு கட்டுரையில் இதை வரிக்கு வரி எழுதியிருக்கிறேன். ஒரு வாசகரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. அதில் ஒரே வரி: "காகித விமானத்தின் சிறகில் வளைவு எங்கே ஐயா?" அன்றைக்கு எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது.

மேலே போகும் காற்றும் கீழே போகும் காற்றும் சிறகின் பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சந்தித்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உண்மையில் அவை சந்திப்பதுமில்லை. மேலே போகும் காற்று கீழே போகும் காற்றை முந்திக்கொண்டு போய்விடுகிறது. வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறையும் என்ற பெர்னூலியின் கணக்கில் பிழை இல்லை. அந்த வேகத்துக்குச் சொல்லப்படும் காரணம்தான் கட்டுக்கதை. சிறகு காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. காற்றைக் கீழே தள்ளும்போது சிறகு மேலே தள்ளப்படுகிறது. சிறகைச் சுற்றி அழுத்தம் மாறுவதும் காற்று கீழே திரும்புவதும் ஒரே நிகழ்வை இரண்டு பக்கத்திலிருந்து பார்ப்பது. இதற்கு வளைவு உதவும், ஆனால் கட்டாயமில்லை. எதிர்வரும் காற்றுக்குச் சிறகு எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பதே முக்கியம். தலைகீழாகப் பறக்கும் விமானி மூக்கை வானத்தை நோக்கி இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்கிறார், அவ்வளவுதான். சாகச விமானங்கள் பலவற்றில் சிறகின் மேலும் கீழும் ஒரே மாதிரிதான் வளைந்திருக்கும்.

நாசாவின் க்ளென் ஆய்வு மையம் ஆசிரியர்களுக்காக வெளியிட்டிருக்கும் வானூர்திப் பாடங்களில், தூக்குவிசை பற்றிய தவறான விளக்கங்களுக்கென்றே தனிப் பக்கங்கள் உண்டு. அதில் முதலில் நிற்பது இந்தச் 'சம நேர' விளக்கம்தான். ஒரு நிறுவனம் உட்கார்ந்து தவறுகளுக்கே பாடம் எழுதவேண்டியிருக்கிறது என்றால், இது எத்தனை வகுப்பறைகளில் வேர்விட்டிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதத் துண்டை உதட்டருகே பிடித்து மேலே ஊதுவதையும் நீங்கள் செய்துகாட்டியிருப்பீர்கள். துண்டு எழும்பும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். அடுத்த முறை அதே துண்டை நேராகத் தொங்கவிட்டு ஒரு பக்கமாக மட்டும் ஊதச் சொல்லுங்கள். வேகமான காற்றில் அழுத்தம் குறைவு என்பதே முழு விளக்கமென்றால், துண்டு ஊதும் பக்கம் இழுக்கப்பட வேண்டும். பெரிதாக எதுவும் நடக்காது. முன்பு அது எழும்பியது, துண்டு வளைந்திருந்ததால், காற்றும் அந்த வளைவோடு சேர்ந்து கீழே திரும்பியதால்.

நீங்கள் கேட்ட பெரிய கேள்விக்கும் இங்கிருந்தே போகலாம். ரைட் சகோதரர்கள் 1901-ல் செய்த கிளைடர், கணக்குப்படி தூக்க வேண்டியதில் மூன்றிலொரு பங்கைத்தான் தூக்கியது. அவர்கள் நம்பிக் கணக்குப் போட்டதெல்லாம் பெரியவர்கள் கொடுத்த எண்களை. அவற்றில் ஒன்று பதினெட்டாம் நூற்றாண்டுப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டனின் பெயரால் வழங்கிய காற்றழுத்தக் கெழு (காற்றின் வேகத்திலிருந்து அது தள்ளும் விசையைக் கணக்கிட உதவும் எண்), 0.005. நூறு வருடத்துக்கு மேல் எல்லோரும் அதையே எடுத்தாண்டார்கள். சைக்கிள் கடை நடத்திய இந்த இருவரும் அந்த இலையுதிர் காலத்தில் ஆறடி நீள மரப்பெட்டி ஒன்றைச் செய்து, ஒரு முனையில் விசிறி வைத்து, சுமார் 200 சின்னச் சின்னச் சிறகு வடிவங்களை ஒவ்வொன்றாக அதற்குள் நிறுத்தி அளந்தார்கள். அளக்கும் தராசை சைக்கிள் ஆரக்கம்பியையும் பழைய ரம்பத் தகட்டையும் கொண்டு தாங்களே செய்துகொண்டார்கள். கெழுவும் 0.0033-க்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. அடுத்த வருடக் கிளைடர் சொன்னபடி கேட்டது. அதற்கடுத்த வருடம், 1903 டிசம்பர் 17, இயந்திரம் பூட்டிய முதல் பறத்தல்: 12 விநாடி.

உங்கள் மாணவி நின்ற இடமும் அதுதான். கையில் கொடுக்கப்பட்ட விளக்கம் கண்ணால் பார்த்ததோடு ஒட்டவில்லை. முகாமில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. ராக்கெட்டுக்கும் உடைக்கும் சான்றிதழுக்கும் இடமிருந்தது. ஒரு ஸ்டெம் திட்டம் தேறுமா என்று கேட்டால் நான் இதை வைத்துத்தான் பார்ப்பேன்: பிள்ளை இடறும் இடத்தில் நின்று பார்க்க அதில் நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா?

கொண்டாட்டமே தப்பு என்று சொல்லவில்லை. தண்ணீர் ராக்கெட் எனக்கும் பிடிக்கும். அது மேலே போனதும் முகாம் முடிந்துவிடுகிறது என்பதுதான் வருத்தம். எவ்வளவு உயரம் போனது என்று யாராவது கேட்டார்களா? ஒரு கோணமானி, ஒரு நூல், நூல் முனையில் ஒரு சின்ன எடை. இருபது மீட்டர் தள்ளி நின்று உச்சியைக் குறிவைத்தால் கோணம் கிடைக்கும். அது 45 பாகையாக இருந்தால் உயரம் இருபது மீட்டர், கூடவே பார்ப்பவளின் கண்ணுயரம். பிறகு தண்ணீரை மாற்றிப் பாருங்கள். புட்டி நிறைய ஊற்றினால் காற்றுக்கு இடமில்லை, தள்ள ஆள் இல்லை. தண்ணீரே இல்லையென்றால் வெளியே தள்ளுவதற்குக் கனமான பொருள் இல்லை. நடுவில் எங்கோ, பெரும்பாலும் மூன்றிலொரு பங்குக்குப் பக்கத்தில், உச்சம் வரும். அது எங்கே என்பதை வகுப்பு கண்டுபிடிக்கட்டும். (குளிர்பானம் வரும் பிளாஸ்டிக் புட்டி மட்டும். விடும்போது யாரும் அதன்மேல் குனிய வேண்டாம்.) இரண்டு நாள் முகாமில் இதற்கு நேரமிருக்காது என்பது தெரியும். உங்களுக்கு இருக்கிறது.

நன்றாக யோசித்து அமைக்கப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன், தாவரவியல் படித்தவர் என்பதால் உங்களுக்குப் பிடிக்கும். 1984 ஏப்ரலில் சேலஞ்சர் விண்ணோடம் ஒரு பேருந்து அளவு செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டுவந்தது. அதற்குள் பல சோதனைகளோடு 1 கோடியே 25 லட்சம் தக்காளி விதைகளும் இருந்தன. ஒரு வருடத்தில் திரும்ப எடுப்பதாகத் திட்டம். எடுக்க முடிந்தது 1990 ஜனவரியில், கொலம்பியா விண்ணோடம் போய். ஏறக்குறைய ஆறு வருடம் விண்வெளியில், கதிர்வீச்சில் கிடந்த விதைகள். அவற்றைப் பொட்டலம் கட்டிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் இன்னொரு பொட்டலமும் சேர்ந்து போனது: பூமியிலேயே வைத்திருந்த அதே வகை விதைகள்.

அந்த இரண்டாவது பொட்டலம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. விண்வெளிக்குப் போன விதை என்று சொல்லி ஒன்றை மட்டும் கொடுத்திருந்தால் அது நினைவுப்பொருள். இரண்டையும் கொடுத்ததால் பக்கத்துப் பக்கத்தில் விதைத்து, நாள் எண்ணி, உயரம் அளந்து, ஒப்பிட வேண்டியதாயிற்று. கதிர்வீச்சில் கிடந்த விதையின் பழம் நஞ்சாகியிருக்குமோ என்று செய்தித்தாளில் பரபரப்பு கிளம்பியதும் உண்டு. கடைசியில் விண்வெளி விதைகள் தொடக்கத்தில் சற்று முந்திக்கொண்டு முளைத்தன, மற்றபடி பெரிய வேறுபாடு இல்லை. பூதாகரமான தக்காளியை எதிர்பார்த்த பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். 'வேறுபாடு இல்லை' என்பதும் ஒரு விடைதான் என்று நோட்டில் எழுதவைத்த ஆசிரியர்களை நினைத்துப் பார்க்கிறேன்.

இயற்பியல் படிக்காத நான் என்ன செய்வது என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு, அந்த விதைகள் ஏன் அவ்வளவு தாமதமாக வந்தன என்பதில் விடை இருக்கிறது. அவற்றைக் கொண்டுபோய் விட்ட அதே சேலஞ்சர் 1986 ஜனவரி 28 அன்று, புறப்பட்ட 73-ஆவது விநாடியில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். விண்ணோடப் பயணங்கள் இரண்டரை வருடத்துக்கு மேல் நின்றுபோயின. அந்த ஏழு பேரில் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப். விண்வெளிக்கு ஓர் ஆசிரியரை அனுப்பும் திட்டத்தில், விண்ணப்பித்த 11,000-க்கும் மேற்பட்டவர்களிலிருந்து தேர்வானவர். அவர் இயற்பியல் ஆசிரியை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவர் சொல்லிக்கொடுத்தது சமூக அறிவியல். அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குக் குடியேறிய அந்தக் காலத்துப் பெண்கள் தங்கள் பயணத்தைப் பற்றி நாட்குறிப்பு எழுதியதுபோல் தானும் எழுத வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அவருக்கு மாற்றாகப் பயிற்சி பெற்றவர் பார்பரா மார்கன், தொடக்கப்பள்ளி ஆசிரியை. விபத்துக்குப் பிறகு வகுப்பறைக்கே திரும்பிப் போனார். 1998-ல் விண்வெளி வீரராகத் தேர்வாகி, 2007 ஆகஸ்டில் எண்டெவர் விண்ணோடத்தில் போனார். இடையில் இருபத்தோரு வருடம். மெக்காலிஃப் விண்ணிலிருந்து நடத்தவிருந்த பாடங்களில் சிலவற்றை 2018-ல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் படமாக்கினார்கள். செய்துகாட்டிய ஜோ அகாபாவும் ரிக்கி ஆர்னால்டும் முன்னாள் ஆசிரியர்கள்.

ஆகவே தாவரவியல் ஒரு தடையே இல்லை, போய்வாருங்கள். ஆனால் போகும் முன் நடத்துகிறவர்களிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாள் முழுக்க திரையில் படம் ஓடுமா, அல்லது மதியமாவது உங்கள் கைக்கு வேலை உண்டா? செய்தது பலிக்காமல் போனால் மறுபடி செய்ய விடுவார்களா? திரும்பிவந்து மூன்று மாதம் கழித்து வகுப்பில் மாட்டிக்கொண்டால் கேட்க அங்கே ஓர் ஆள் இருப்பாரா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கொண்டே பாதி தெரிந்துவிடும். விண்வெளி நிலையத்திலிருக்கும் வீரர்களோடு பள்ளிப் பிள்ளைகள் ஹாம் எனப்படும் ஆர்வலர் வானொலியில் பேசும் திட்டம் 2000-லிருந்து நடக்கிறது. நிலையம் தலைக்கு மேல் கடந்துபோக ஏறக்குறைய பத்து நிமிடம், அதற்குள் கேள்வியெல்லாம் முடிய வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்காகப் பள்ளிகள் மாதக்கணக்கில் தயாராகின்றன. உள்ளூர் ஹாம் நண்பர்கள் வந்து ஆன்டெனா கட்டுவதும், நெருங்கும்போதும் விலகும்போதும் அலைவரிசை ஏன் நகர்கிறது என்று பிள்ளைகள் கேட்பதும் அந்த மாதங்களில்தான். பத்து நிமிடப் பேச்சு செய்தித்தாளுக்கு.

பயிற்சிக்கு இன்னும் நாள் இருக்கும். அதற்குள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, நிறையப் பேருக்கு முன்னாலேயே, "நீ கேட்டது சரி, நான் சொல்லிவந்தது தப்பு" என்று சொல்லிவிடுங்கள். கொஞ்சம் கூச்சமாக இருக்கும், ஒரு நிமிடத்துக்கு.

பிறகு ஒரு மேசை விசிறியும், கிராம் கணக்கில் காட்டும் எலக்ட்ரானிக் தராசும் எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த அட்டையைச் சற்றே வளைத்துச் சிறகாக ஒட்டி, ஒரு குச்சியில் பொருத்தி, களிமண் உருண்டையில் நட்டுத் தராசின் மேல் வையுங்கள். தராசின் தட்டில் நேரடியாகக் காற்றுப் படாமல் முன்னால் ஒரு மறைப்பு. விசிறியைப் போட்டதும் எடை குறைந்தால், குறைந்த அளவுதான் தூக்குவிசை. முன்விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, ஒவ்வொரு கோணத்துக்கும் எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். அடுத்து சிறகைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதே கோணங்களில் மறுபடி. இரண்டு வரிசை எண்களையும் ஒரே வரைபடத்தாளில் அவளே போடட்டும். கோணத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் தூக்குவிசை கூடுவது நின்று, அட்டை படபடக்கத் தொடங்கும். அந்தக் கோணம் எத்தனை பாகை என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்