ஹெல்மெட் போட்டும் மூளை அதிர்ச்சியா?

அமெரிக்கப் பள்ளி ஃபுட்பாலில்தான் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து மோதி ஆடுவது) ஹெல்மெட் இருக்கிறதே, பிறகு கன்கஷனுக்கு, அதாவது அடியில் மூளை குலுங்கி வரும் காயத்துக்கு, ஏன் இவ்வளவு பயம் என்று கேட்டிருந்தீர்கள்.

ஹெல்மெட் காப்பது மண்டை ஓட்டை. தலை சட்டென நின்றாலும் உள்ளே மூளை குலுங்கும். ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அந்தக் காயம் ஆறுமுன் அடுத்த அடி விழுந்தால்தான் பெரிய ஆபத்து. 2006இல் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயது சாக்கரி லிஸ்டெட் தலையில் அடிபட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, அதே ஆட்டத்தில் மறுபடி இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தான், மூளையில் ரத்தக்கசிவு. 2009இல் அவன் பெயரிலேயே சட்டம் வந்தது: சந்தேகம் வந்தாலே வெளியே, எழுத்தில் மருத்துவ அனுமதி இருந்தால்தான் உள்ளே.

சட்டம் சரி. பையன் "தலை வலிக்கிறது" என்று வாயைத் திறக்க வேண்டுமே! நன்றாக ஆடுபவனுக்குப் படிப்பு உதவித்தொகை கொடுக்கக் கல்லூரிக்காரர்கள் ஆள் பார்க்க வந்த நாளில் எவன் சொல்வான்? பக்கத்தில் ஆடும் நண்பனுக்குத் தெரிந்திருக்கும். கோச்சிடம் போட்டுக் கொடுப்பதா வேண்டாமா என்பது அவன் பாடு.