குர்து மொழிக்கு வாரம் இரண்டு மணி நேரம்

கேள்வி: துருக்கிப் பள்ளிகளில் குர்து மொழிப் பாடம் இருக்கிறதாமே? பிறகு ஏன் அந்த மக்கள் இன்னும் போராடுகிறார்கள்?
— கல்லூரி மாணவி, மன்னார்குடி

பதில்: இருக்கிறது மகளே, வாரத்துக்கு இரண்டு மணி நேரம். அதுவும் 2012-இல்தான் வந்தது. ஐந்தாம் வகுப்பிலிருந்து விருப்பப் பாடமாக மட்டும். குறைந்தது பத்து மாணவர்கள் கேட்க வேண்டும். கேட்டாலும் ஆசிரியர் கிடைக்க வேண்டும்.

நான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவள். ஐந்தாம் வகுப்பு என்பது எவ்வளவு தாமதம் என்று எனக்குத் தெரியும். குர்துகள் பெரும்பான்மையாக வாழும் தென்கிழக்குத் துருக்கி நகரமான தியார்பகிரில், வீட்டில் குர்து மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தை, பள்ளியின் முதல் நாளே துருக்கிய மொழியை எதிர்கொள்கிறது. விடை தெரிந்தும் சொல்லத் தெரியாமல் நிற்கும் அந்தப் பிள்ளையை ‘மந்தம்’ என்று ஒதுக்கிவிடுவது எவ்வளவு எளிது! எனக்கு நெஞ்சு பதறுகிறது.

தடை அரசமைப்பிலேயே இருக்கிறது. துருக்கியம் தவிர வேறெந்த மொழியையும் குடிமக்களுக்குத் தாய்மொழியாகக் கல்வி நிலையங்களில் கற்பிக்கக் கூடாது என்கிறது 1982 அரசமைப்பின் 42-ஆவது பிரிவு. முதல் உலகப் போருக்குப் பின் துருக்கி நேச நாடுகளோடு செய்துகொண்ட 1923 லொசான் ஒப்பந்தம் முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கே பள்ளி உரிமை தந்தது. ஆர்மேனியர், கிரேக்கர், யூதர் அதனால் தங்கள் பள்ளிகளை நடத்தினார்கள். குர்துகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்பதால் அந்தக் கணக்கில் வரவில்லை.

42-ஆவது பிரிவின் அந்த வாக்கியம் நீக்கப்பட வேண்டும். முதல் வகுப்பிலிருந்தே குர்து மொழியில் பாடம் நடத்த ஆசிரியர்களை நியமிக்க வேண்டும். அவர்கள் கேட்பது இதைத்தான்.