அஃபோர்டபிள்னா யாருக்கு அஃபோர்டபிள்? லண்டன் வீட்டுக் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல வீடு பத்திதான். நாலு எடுத்துருக்கேன், மீதிப் பேர் கோவிச்சுக்காதீங்க.

கே: எங்க தெரு முனையில லேம்ப் போஸ்ட்ல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. பழைய கார் ஷோரூமை இடிச்சுட்டு 120 பிளாட் வருதாம், 35 சதவீதம் அஃபோர்டபிளாம். நாங்க ஒரு பெட்ரூம் வாடகை வீட்டுல நாலு பேர், பொண்ணுக்கு 12, பையனுக்கு 9. எங்களுக்கு ஒண்ணு கிடைக்குமா? (ஈஸ்ட் ஹாம் வாசகி)

ப: அக்கா, அந்த அஃபோர்டபிள்ங்கிற வார்த்தையைப் பாத்து முதல்லயே சந்தோஷப்பட்டுடாதீங்க. நமக்கு அது "கைக்கு எட்டுற விலை", பிளானிங் ஆபீஸ்ல அது ஒரு பெட்டி, அதுக்குள்ள மூணு நாலு விதமான வீட்டைப் போட்டு மூடி வச்சிருக்காங்க. சோஷியல் ரெண்ட்னு ஒண்ணு, அதான் நம்ம ஆளுங்க கவுன்சில் வீடுன்னு சொல்றது, வாடகையை ஒரு ஃபார்முலா வச்சு போடுவாங்க, அந்த ஃபார்முலால இன்னிக்கும் 1999 ஜனவரி வீட்டு விலைதான் ஓடுது, அதனாலதான் அது நெஜமாவே கம்மி. அடுத்தது அஃபோர்டபிள் ரெண்ட், 2011ல கொண்டுவந்தது, மார்க்கெட் வாடகைல 80 சதவீதம் வரைக்கும் போகலாம். வெளிய 2,000 பவுண்டுக்குப் போற வீடுன்னா இங்க 1,600 வரைக்கும். அதைக் கட்ட முடிஞ்சா நீங்க ஏன் ஒரு ரூம்ல நாலு பேர் இருக்கப் போறீங்க? அப்புறம் ஷேர்டு ஓனர்ஷிப், வீட்டுல ஒரு பங்கை மட்டும் வாங்கி மீதிக்கு வாடகை கட்டுறது, அது கீழ தனியா வருது.

அதனால 35ங்கிற நம்பரைப் பாக்காதீங்க, அந்த 35ல சோஷியல் ரெண்ட் எத்தனை, அதுல மூணு பெட்ரூம் எத்தனைன்னு பாருங்க. மூணுன்னு ஏன் சொல்றேன்னா, ஆணும் பொண்ணுமா ரெண்டு புள்ளைங்க, ஒண்ணுக்கு பத்து வயசு தாண்டிடுச்சுன்னா ஆளுக்கு ஒரு ரூம்னு பொதுவா கணக்கு வைப்பாங்க, அம்மா அப்பாவுக்கு ஒண்ணு. வீடு கைக்கு வர்றது நேரா பில்டர்கிட்ட இருந்து இல்ல. கட்டி முடிச்சதும் பெரும்பாலும் ஹவுசிங் அசோசியேஷன்கிட்ட (கம்மி வாடகைக்கு வீடு கொடுக்குற அமைப்பு) போகும், அவங்க கவுன்சில் வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்து ஆள் எடுப்பாங்க. உங்க பேர் லிஸ்ட்ல இருக்கா? கேள்வில சொல்லல. இல்லன்னா முதல்ல அதைப் போடுங்க, விசால "நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்"னு, அதாவது அரசாங்க உதவி கேக்கக் கூடாதுன்னு, அடிச்சிருந்தா மட்டும் அந்தப் பக்கம் போக முடியாது, விசா பேப்பரை எடுத்து ஒரு தடவை பாத்துக்கோங்க.

கே: எங்கட பக்கம் கட்டுறது எல்லாம் ஒரு பெட்ரூம், ரெண்டு பெட்ரூம் பிளாட்தான். மூண்டு பிள்ளையளோட நாங்கள் எங்க போறது? கவுன்சில் இதுகளைக் கேக்கிறேல்லையோ? (ஹாரோ வாசகர்)

ப: கேக்குறாங்க அண்ணா, கேட்டதெல்லாம் நடக்குதாங்கிறது வேற கதை. ஒவ்வொரு கவுன்சிலுக்கும் லோக்கல் பிளான்னு ஒண்ணு உண்டு, அதுல ஹவுசிங் மிக்ஸ்னு ஒரு பாலிசி இருக்கும், நம்ம ஏரியாவுக்கு எத்தனை பெட்ரூம் வீடு எவ்வளவு வேணும்னு. ஆனா பில்டர் கணக்கு வேற. இங்கிலாந்துல புது வீட்டுக்கு இத்தனை சதுர மீட்டர்னு ஒரு அளவு இருக்கு, ரெண்டு பேருக்கான ஒரு பெட்ரூம் 50, அஞ்சு பேருக்கான மூணு பெட்ரூம் பிளாட் 86. இடம் கிட்டத்தட்ட ஒண்ணே முக்கால் மடங்கு, ஆனா மூணு பெட்ரூமுக்கு விலையை யாரும் அவ்வளவு மடங்கு கொடுக்க மாட்டாங்க, அதனால அதே தரைல சின்ன வீடா அடுக்கினா காசு ஜாஸ்தி.

இதுல லண்டன்ல ஒரு நல்ல சூட்சுமம் இருக்கு, எனக்கே ரொம்ப நாள் புரியல. 35 சதவீதம்னா பிளாட் எண்ணிக்கைல இல்ல, ஹாபிடபிள் ரூம் கணக்குல. ஹாலும் பெட்ரூமும் எண்ணுவாங்க, பாத்ரூம் சேராது, சின்ன கிச்சனும் சேராது. மேல அக்கா சொன்ன 120 பிளாட்டுல மொத்தம் 360 ரூம்னு வைங்க, 35 சதவீதம் 126 ரூம். ஒரு பெட்ரூம் வீடா கொடுத்தா ஒரு வீட்டுக்கு ரெண்டு ரூம், 63 வீடு. மூணு பெட்ரூமா கொடுத்தா ஒரு வீட்டுக்கு நாலு ரூம், 31 வீடுதான் வரும். நோட்டீஸ்ல 31ன்னு பாத்துட்டு "ஏமாத்திட்டாங்க"ன்னு கத்துறோம், ஆனா உங்களை மாதிரி குடும்பத்துக்கு அந்த 31தான் நல்லது.

கே: ஷேர்டு ஓனர்ஷிப்ல 25 சதவீதம் வாங்கலாம்னு ஏஜென்ட் சொல்றார். வாங்கலாமா? (க்ராய்டன் வாசகர்)

ப: 4 லட்சம் பவுண்டு பிளாட்டுன்னு வைங்க. உங்க பங்கு 1 லட்சம், பத்து சதவீதம் டெபாசிட்னா 10,000, மிச்சம் மார்ட்கேஜ். இதுவரைக்கும் இனிப்பு. மீதி 3 லட்சத்துக்கு வாடகை உண்டு, வழக்கமா வருஷத்துக்கு 2.75 சதவீதம், அதாவது 8,250, மாசம் 687 பவுண்டு சொச்சம். வருஷா வருஷம் ஏறும். அதுக்கு மேல சர்வீஸ் சார்ஜ், அதாவது பில்டிங் பராமரிப்புக் காசு, அது உங்க 25க்கு மட்டும் இல்ல, முழு பிளாட்டுக்கும் நீங்கதான். நாங்க இப்படி ஒண்ணு வாங்கி பட்ட பாடு இருக்கே, லிஃப்ட் மூணு மாசம் ஓடல, மாமியார் நாலு மாடி படி ஏறினாங்க, அந்த வருஷ பில்லுல "லிஃப்ட் மெயின்டனன்ஸ்"னு ஒரு வரி அழகா உக்காந்திருந்துச்சு. லண்டன்ல குடும்ப வருமானம் 90,000க்கு மேல இருந்தா இது கிடைக்காது. நான் வாங்காதீங்கன்னு சொல்லல, தனியார் வாடகைக்கு இது எவ்வளவோ மேல்னு இருக்குற ஆளுங்களும் உண்டு. ஆனா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி போன வருஷ சர்வீஸ் சார்ஜ் பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்க, புது பில்டிங்னா எஸ்டிமேட்டைக் கேளுங்க, அது ஏறும்னும் வச்சுக்கோங்க.

கே: முதல்ல 35 சதவீதம்னு சொன்ன பில்டர் இப்ப 15ன்னு சொல்றாராம். இப்படி மாத்த முடியுமா? எதிர்த்து எழுதினா பலன் இருக்கா? (இல்ஃபோர்ட் வாசகி)

ப: முடியும், "வையபிலிட்டி"ன்னு ஒரு கணக்குப் புத்தகம் காட்டினா. கட்டுற செலவு ஏறிடுச்சு, இத்தனை வீடு கொடுத்தா கட்டுப்படியாகாதுன்னு காட்டணும். அந்தக் கணக்குல பில்டருக்கு விற்பனை மதிப்புல 15ல இருந்து 20 சதவீதம் லாபம்னு வச்சுக்க அரசாங்க வழிகாட்டிலயே இடம் இருக்கு, அவர் லாபம் முதல்ல, நம்ம வீடு கடைசில. லண்டன்ல 35 கொடுக்குறவருக்கு இந்தக் கணக்குல இருந்து விலக்கு உண்டு, அதுக்குக் கீழ போறவர்தான் காட்டணும். அதையும் 2025 அக்டோபர்ல தளர்த்தி, கொஞ்ச காலத்துக்கு 20 இருந்தாலே போதும்ங்கிற ஒரு வழியை அரசாங்கமும் மேயரும் சேந்து அறிவிச்சாங்க, வீடு கட்டுறதே படுத்துடுச்சுங்கிறதுதான் காரணம். இது எனக்குப் பிடிக்கல. ஆனா கட்டாத 35ஐ விட கட்டின 20 மேல்னு சொல்றவங்க கிட்ட எனக்குப் பெருசா பதிலும் இல்ல.

எழுதுங்க. ஆனா "எங்க வீட்டு விலை குறையும்", "ஜன்னல் வ்யூ போயிடும்"னு எழுதாதீங்க, அதையெல்லாம் கணக்குல எடுத்துக்கவே மாட்டாங்க. வெளிச்சம் மறைக்குது, எங்க ரூமுக்குள்ள நேரா பாக்குற மாதிரி பால்கனி வருது, லோக்கல் பிளான்ல மூணு பெட்ரூம் இத்தனைன்னு இருக்கு, இங்க இத்தனைதான் இருக்குன்னு நம்பரோட எழுதினா ஆபீசர் அதுக்கு ரிப்போர்ட்ல பதில் சொல்லியாகணும். அந்த வையபிலிட்டி ரிப்போர்ட்டும் பொதுவா கவுன்சில் வெப்சைட்ல அப்ளிகேஷன் நம்பர் போட்டா கிடைக்கும், 80 பக்கம் இருந்தாலும் கடைசி டேபிளை மட்டும் பாத்தா போதும். நோட்டீஸ் தேதில இருந்து வழக்கமா 21 நாள்தான் டைம். ஈஸ்ட் ஹாம் அக்கா, உங்க லேம்ப் போஸ்ட் நோட்டீஸ்ல என்ன தேதி போட்டிருக்குன்னு இன்னிக்கே போய்ப் பாருங்க.