செட் அசைட் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். கம்பெனி அறிக்கைகள், விளம்பரங்கள், எப்போதாவது கோர்ட் காகிதங்கள். போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்லி ஒரு சந்தேகம் கேட்க வேண்டும்.

என் பெரியப்பா மீது ஒரு நில வழக்கு. இரண்டு மூன்று வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிட்டார், எக்ஸ்பார்ட்டி (ஒருதரப்பு) தீர்ப்பு ஆகிவிட்டது. அப்புறம் வக்கீல் வைத்து மனுப் போட்டார். இப்போது அந்தத் தீர்ப்பை 'செட் அசைட்' செய்து உத்தரவு வந்திருக்கிறது. பெரியப்பா அதை யாரிடமோ கொடுத்து செல்போன் செயலியில் மொழிபெயர்க்கச் சொல்லியிருக்கிறார். 'தீர்ப்பு ஒதுக்கி வைக்கப்படுகிறது' என்று வந்ததாம். "பத்திரமா எடுத்து வச்சிருக்காங்களாம்மா, எப்ப வேணும்னாலும் எடுத்து நீட்டுவாங்க" என்று இரவெல்லாம் தூங்கவில்லை.

அதே வாரம் எனக்கு வந்த ஓர் ஆண்டறிக்கையில், ஊழியர்களின் பணிக்கொடைக்காக ஒரு தொகையை 'செட் அசைட்' செய்திருப்பதாக ஒரு வரி. அங்கே ரத்து, இங்கே சேமிப்பு. ஆங்கிலத்தில் சொல்லுக்கு அவ்வளவு பஞ்சமா? அகராதியைத் திறந்தால் 'செட்' பக்கம் பக்கமாகப் போகிறது. இறந்தகாலத்திலும் அதே செட். சூரியன் வேறு செட் ஆகிறது. யார் செட் பண்ணுவது? நேரம் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
கு. ம., கும்பகோணம்

*

அன்புள்ள கு. ம.,

முதலில் பெரியப்பாவைத் தூங்கச் சொல்லுங்கள். அந்தத் தீர்ப்பு ரத்தாகிவிட்டது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 9, விதி 13 இதற்காகவே இருக்கிறது. ஒருதரப்பாக வந்த தீர்ப்பை, வராமல் போனதற்குத் தகுந்த காரணம் காட்டி ரத்து செய்யக் கேட்கும் வழி அது. ரத்தானது தீர்ப்புதான், வழக்கு அல்ல. வழக்கு திரும்ப உயிர் பெற்றிருக்கிறது. ஆகவே அடுத்த வாய்தா என்றைக்கு என்று வக்கீலிடம் கேட்டு, இந்த முறை கட்டாயம் போகச் சொல்லுங்கள்.

இப்போது அந்தச் செயலி. அதைத் திட்டுவதற்கு முன் 'ஒதுக்கு' என்ற நம் சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். மகள் கல்யாணத்துக்குப் பணம் ஒதுக்குகிறோம். சாம்பாரில் கிடக்கும் கறிவேப்பிலையையும் ஒதுக்குகிறோம். முதலாவதைக் காப்பாற்றுவதற்காக, இரண்டாவதை வேண்டாம் என்பதற்காக. பட்ஜெட்டில் நிதி ஒதுக்கினால் வரம். ஊர்ப் பஞ்சாயத்து ஒருவரை ஒதுக்கி வைத்தால் தண்டனை. செட் அசைட் என்றாலும் ஓரமாக வைப்பதுதான். ஓரமாக வைத்த பொருளின் கதி என்ன என்று அந்தச் சொல் சொல்வதில்லை, எதை வைத்தோம் என்பதுதான் சொல்கிறது. பணத்தை வைத்தால் சேமிப்பு, தீர்ப்பை வைத்தால் ரத்து, மனவருத்தத்தை வைத்தால் சமாதானம். தமிழ் 'ஒதுக்கு' ஏறக்குறைய இதே எல்லைக்குள்தான் நடமாடுகிறது. தீர்ப்பை ஒதுக்கும் வழக்கம் மட்டும் தமிழில் கிடையாது. செயலி இடறியது அங்கேதான். நீங்கள் மொழிபெயர்த்திருந்தால் இடறியிருக்க மாட்டீர்கள், ஏனென்றால் தீர்ப்பை என்ன செய்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

அகராதியின் பக்கங்களைப் பார்த்து மிரள வேண்டாம். 1989-இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் செட் என்ற வினைக்கு 430 பொருள்கள் கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு பதிவு மட்டும் சுமார் 60,000 சொற்கள், ஒரு சின்ன நாவல் அளவு. பின்னர் திருத்தப் பணி நடக்க நடக்க 'ரன்' என்ற வினை 645 பொருள்களோடு அதை முந்திவிட்டது. வினாடி வினாக்காரர்களுக்கு இந்த எண்கள் ரொம்பப் பிடிக்கும். எனக்கு இவற்றின் மீது பெரிய மரியாதை இல்லை. மேசையில் தட்டை வைப்பதையும் சுவரோரம் ஏணியை வைப்பதையும் இரண்டு பொருளாக எண்ணுவதா, ஒன்றாகவா என்பது தொகுப்பவரின் கையில் இருக்கிறது. வேறொருவர் எண்ணினால் வேறொரு கணக்கு வரும்.

உங்கள் வேலைக்கு உதவக்கூடியது, அதன் பிறப்பைத் தெரிந்துகொள்வது. 'சிட்' என்றால் உட்கார். 'செட்' என்றால் உட்கார வை. அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள். ஓடு – ஓட்டு, உருள் – உருட்டு, ஆடு – ஆட்டு. ஆங்கிலத்தின் முன்னோர்களிடமும் இப்படி ஜோடி ஜோடியாக இருந்தது. இன்று மிஞ்சியிருப்பவை சில. ஃபால் என்றால் விழு, ஃபெல் என்றால் வீழ்த்து. அதனால்தான் மரம் வெட்டுவதற்கு அந்தச் சொல். லை – லே, ரைஸ் – ரெய்ஸ் எல்லாம் அந்தக் குடும்பம். நம்மிடம் இந்த உத்தி இன்னும் உயிரோடு இருப்பதால் நமக்கு இது புரிவது எளிது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களிலேயே பலர் சிட், செட் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.

உட்கார வைப்பது என்ற அந்த ஒரு செயலைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். மோதிரத்தில் கல்லை உட்கார வைத்தால் பதித்தல். விலகிய எலும்பை அதன் இடத்தில் உட்கார வைத்தால் எலும்பு கட்டுதல். புத்தூர் கட்டுக்காரர்களை ஆங்கிலத்தில் 'போன்செட்டர்' என்பார்கள். கடிகார முள்ளை ஒரு மணியில் உட்கார வைத்தால் அலாரம். ஈய எழுத்துகளை வரிசையாக உட்கார வைத்தால் அச்சுக் கோப்பது. பாட்டு வரிகளை ஒரு ராகத்தில் உட்கார வைத்தால் மெட்டமைப்பது. சினிமாக்காரர்கள் தட்டியும் ப்ளைவுட்டும் வைத்து ஓர் அரண்மனையையே உட்கார வைக்கிறார்கள், செட் போடுகிறார்கள். வினாத்தாள், பொறி, விலை, எல்லாமே இந்த வழிதான். தமிழில் ஒவ்வொன்றுக்கும் வேறு வினை வரும், வரட்டும்.

கொஞ்சம் தள்ளிப் போவது, தானாக இறுகும் பொருள்கள். தயிர் உறைகிறது, ஜெல்லி கெட்டியாகிறது, சிமெண்ட் இறுகுகிறது. யாரும் உட்கார வைக்கவில்லை, தானே உட்கார்ந்துகொள்கிறது. இங்கே ஒரு நுணுக்கத்தை மொழிபெயர்ப்பவர் கவனிக்க வேண்டும். சிமெண்ட் மூட்டையின் தரவிவரத்தில் 'செட்டிங் டைம்' என்று இருக்கும். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இந்தியத் தரநிலைப்படி தொடக்க இறுகல் நேரம் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, இறுதி இறுகல் 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. 30 நிமிடம் எதற்கு? கலவையைக் கலந்து, சட்டியில் தூக்கி, மேலே கொண்டுபோய்க் கொட்டிப் பரப்ப அவகாசம் வேண்டுமே. அதற்காகவே ஆலையில் அரைக்கும்போது ஜிப்சம் சேர்க்கிறார்கள். சேர்க்காவிட்டால் தண்ணீர் பட்டதுமே சட்டென்று இறுகிவிடும். இந்த இறுகல் வேறு, பலம் ஏறுவது வேறு. இறுகல் சில மணி நேரத்தில் முடியும். பலத்தைச் சோதிப்பது 28-ஆம் நாள். 'செட்' ஆன கான்கிரீட் 'ஹார்டன்' ஆன கான்கிரீட் அல்ல. இரண்டையும் 'கெட்டியானது' என்று மொழிபெயர்த்துத் தந்த கையேடு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அதை நம்பி யாரும் மறுநாளே முட்டு பிரித்திருக்கக் கூடாது.

உங்கள் சூரியனும் இந்த வகைதான். பழைய ஆங்கிலத்தில் சூரிய மறைவுக்கு 'செட்ல்காங்' என்று ஒரு சொல் இருந்தது. இருக்கைக்குப் போதல் என்று பொருள். சூரியனை யாரும் உட்கார வைக்கவில்லை, நாளெல்லாம் நடந்தவர் தன் ஆசனத்துக்குப் போகிறார். நம் ஊரில் 'பொழுது அடைஞ்சு போச்சு' என்கிறார்களே, அது இதற்கு ரொம்பப் பக்கம். கோழியும் அடைகிறது, பொழுதும் அடைகிறது. அமெரிக்க நாட்டுப்புறங்களில் அடைக்கோழியை 'செட்டிங் ஹென்' என்பார்கள். அங்கேயும் சூரியனுக்கும் கோழிக்கும் ஒரே வினை. இரண்டு மொழிக்கும் உறவில்லை, இருந்தும் இப்படிப் பொருந்தி வருவதைப் பார்த்தால் எனக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடாது.

இறந்தகாலம் ஏன் மாறுவதில்லை என்று கேட்டீர்கள். முன்பு மாறியது. பழைய வடிவம் 'செட்டான்', அதன் இறந்தகாலம் 'செட்டெ'. காலப்போக்கில் கடைசி உயிரொலி தேய்ந்து விழுந்தது. ட் என்று முடியும் வினையில் இறந்தகால ஒலியும் ட்-தான் என்பதால் இரண்டும் ஒட்டிக்கொண்டன. கட், புட், ஹிட், ஷட், லெட் ஆகியவையும் ட்-இல் முடிந்து மாறாமல் நிற்பதைக் கவனியுங்கள்.

இதுவரை சொன்னது பாதிதான். பம்புசெட், மைக்செட், பல்செட், டீ செட் – இவற்றில் யார் யாரை உட்கார வைக்கிறார்கள்? ஒருவரும் இல்லை. ஏனென்றால் இது வேறு செட். தொகுதி என்ற பொருள் தரும் இந்தப் பெயர்ச்சொல் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீன் 'செக்டா'விலிருந்து வந்தது. ஒருவர் பின்னால் போகிற கூட்டம் என்று அதற்குப் பொருள். மதப் பிரிவைக் குறிக்கும் 'செக்ட்' அதன் நேர் உடன்பிறப்பு; கோட்டும் பேண்டும் சேர்ந்த 'சூட்'டும் அந்த வீட்டுப் பிள்ளைதான். ஒலி ஒன்றாகிவிட்டதால், உட்கார வைக்கும் செட்டும் கூட்டமாக வரும் செட்டும் ஒரே வீட்டில் குடியேறிவிட்டன. காலப்போக்கில் ஒன்றின் சாயல் மற்றதிலும் ஏறிவிட்டதால், எந்தப் பொருள் யாருடையது என்று பிரிப்பது சில இடங்களில் அகராதிக்காரர்களுக்கே சிரமம்.

இதில் நமக்கு அதிர்ச்சி ஏதும் இருக்கத் தேவையில்லை. 'அரி' என்ற சொல்லை எடுங்கள். கீரையை அரிவது, அரிசி அரிப்பது நம் வினைகள். திருமால், சிங்கம், குரங்கு என்ற பொருள்கள் சமஸ்கிருத ஹரியோடு வந்தவை. பகைவன் என்ற பொருளும் சமஸ்கிருதம்தான், ஆனால் அது வேறொரு அரி. மூன்றும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. இப்படிப்பட்ட சொற்களுக்கென்றே நிகண்டுகளில் 'ஒருசொல் பல்பொருள்' என்று தனித் தொகுதி உண்டு. சேந்தன் திவாகரத்தில் அது பதினோராவது தொகுதி, சூடாமணி நிகண்டிலும் பதினொன்றுதான். ஒரு காலத்தில் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பே, வேறு வேறு பொருள் குறிக்கும் ஒரே சொல்லைத் திரிசொல்லின் ஒரு வகையாகத் தொல்காப்பியம் எண்ணி வைத்திருக்கிறது.

ஆகவே பஞ்சம் என்று சொல்வது சரியில்லை. உங்கள் கடிதத்திலேயே 'மனுப் போட்டார்' என்று வருகிறது. காபி போடு, கோலம் போடு, ஊசி போடு, ஓட்டுப் போடு, சண்டை போடு, சட்டை போடு, ஆடு குட்டி போடுகிறது. தமிழ் கற்கும் ஒரு வெள்ளைக்காரர் இதே கேள்வியை நம்மிடம் கேட்டால் என்ன சொல்வோம்? எந்த மொழியிலும் அதிகம் உழைக்கிற சொற்கள் இப்படித்தான் ஆகும். நாள் முழுக்க வாயில் புழங்குகிற சின்னச் சொல்லுக்கு 400 வேலை. 'மீக்கூறு' (உயர்த்திப் பேசு) மாதிரியானவற்றுக்கு ஒரே வேலை, அதுவும் எப்போதாவது.

உங்களுக்கு அடுத்து வம்பு செய்யப் போவது 'செட் ஆஃப்'. இப்போதே சொல்லிவிடுகிறேன். பயணி செட் ஆஃப் ஆனால் கிளம்பினார். பட்டாசை என்றால் கொளுத்தினார்கள். கணக்கில் நஷ்டத்தை லாபத்தோடு என்றால் ஈடுகட்டினார்கள். குற்ற வழக்குத் தீர்ப்பில் வந்தால் விசாரணைக் காலத்தில் சிறையில் இருந்த நாள்களைத் தண்டனையிலிருந்து கழிப்பது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 428 இதைப் பேசியது. ஒரு நாளிதழில் இந்தக் கடைசிப் பொருளில் வந்ததை 'தண்டனை தொடங்கி வைக்கப்பட்டது' என்று போட்டிருந்தார்கள். உள்ளே இருந்தவர் படித்திருந்தால் என்ன ஆகியிருப்பார்! சட்டக் காகிதம் என்றால் ஒரு சட்டச் சொல்லகராதியை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள், பொது அகராதி போதாது. கணக்குப் பாடப் புத்தகம் மொழிபெயர்க்க வந்தால் யாருக்காக என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குச் செட் என்றால் 'கணம்', இலங்கைப் பிள்ளைகளுக்கு 'தொடை'. மாற்றிப் போட்டால் இரண்டு பக்கமும் சிரிப்பார்கள், தொடை என்றால் இங்கே கொஞ்சம் கூடுதலாகவே.

பேச்சுத் தமிழின் 'செட் ஆகலை' பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்குப் பிடித்தது அதுதான். 'அந்த வேலை எனக்கு செட் ஆகலை', 'ரெண்டு பேருக்கும் செட் ஆகாது' என்கிறோம். இதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் ஆங்கிலேயருக்குப் புரியாது. பொருந்துவது, ஒத்துப்போவது, நிலைகொள்வது மூன்றையும் சேர்த்து நாமே பண்ணிக்கொண்ட வினை இது. கிரிக்கெட்டில் 'செட் ஆன பேட்ஸ்மேன்' என்பதிலிருந்து கொஞ்சம் வந்திருக்கலாம், என் ஊகம்தான். கல்லூரிப் பையன்கள் 'எங்க செட்டு' என்பது மட்டும் நேராக அந்தப் பழைய செக்டாவின் பொருள், பின்னால் சுற்றுகிற கூட்டம்.

செட் தோசையும் அந்தக் கணக்கில்தான் வரும், ஒன்றாகக் கிடைக்காது. கர்நாடகத்தில் சாதாரணமாக மூன்று வைப்பார்கள். இங்கே நிறைய இடங்களில் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். கும்பகோணத்தில் எத்தனை?