ஆண்குறிக்கான வெற்றிட பம்ப் பாவித்த பின் அளவு கூடியதா என்று எப்படி அறிவது?

கேள்வி: மூன்று மாதமாகப் பம்ப் பாவிக்கிறேன், ஒவ்வொரு தரமும் ஒவ்வோர் அளவு வருகிறது. எதை நம்புவது?

பம்ப் செய்த கையோடு எடுத்த அளவை விட்டுவிடுங்கள். அப்போது தெரியும் பருமனில் ஒரு பகுதி, தோலுக்கடியில் தேங்கிய நீர். விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெல்ல நிரம்பும். சில மணித்தியாலங்களில் வடிந்துவிடும். ஒரு முழு நாளாவது போன பின் அளந்து பாருங்கள்.

முழு விறைப்பில், மேற்பக்கமாக, அடிமட்டம் ஆண்குறிக்கு மேலுள்ள எலும்பில் முட்டும்வரை அழுத்தி நுனிவரை பாருங்கள். அழுத்தாவிட்டால் நீங்கள் அளப்பது தொப்பையைத்தான். பல அடிமட்டங்களில் பூச்சியத்துக்கு முன் சில மில்லிமீற்றர் வெறுமையாக இருக்கும், அதை வெட்டிவிடுங்கள். சுற்றளவுக்கு வெள்ளவத்தையில் எந்தத் தையல் சாமான் கடையிலும் வாங்கும் நாடா போதும்: தண்டின் நடுவில், இறுக்காமல். தளர்ந்த நீளம் கணக்கில்லை, ஏசி அறைக்குள் போனாலே சுருங்கும். மாதமொரு முறை, மூன்று தரம் அளந்து நடு எண்ணைக் குறியுங்கள். இரண்டு மூன்று மில்லிமீற்றர் வித்தியாசம் கைப்பிசகு.

2006இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மாதப் பாவனைக்குப் பின் சராசரி நீளம் 7.6 செ.மீ.இலிருந்து 7.9 ஆனது, புள்ளிவிவரப்படி அது குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. விறைப்புக் குறைபாட்டுக்குத்தான் இந்தக் கருவி உதவும். கண்டலோ மரத்துப்போதலோ வந்தால் நிறுத்துங்கள். வோர்பரின் என்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.